அழிக்கச் சொன்ன பதினாலு நிமிடம்

இது சிரிப்புக் கதைதான். ஆனால் சிரிப்பு இப்போது வராது. முதலில் கோமதிநாயகம் அழுததைச் சொல்லியாக வேண்டும்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. சங்கரன்கோவிலில் இருபத்தைந்து வருடம் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விட்டவர். ஆயிரம் கல்யாணத்துக்குக் கம்பு ஊன்றியிருக்கிறார். ஒன்றில்கூடத் தாலி கட்டுவதைப் பார்த்ததில்லை. பந்தல்காரனுக்கு முகூர்த்த நேரத்தில் பந்திப் பக்கம்தான் வேலை. கெட்டிமேளம் காதில் விழும். கையில் பெஞ்சு இருக்கும்.

ஒரு நாள் தொழிலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, 'இனிமேலாவது முன்னால நின்னு பாக்கணும்டே' என்று வீடியோ எடுக்கப் பழக வந்துவிட்டார்.

அவருக்கு வாய்த்த வாத்தியார் ஆவுடையப்பன். தெற்கு ரத வீதியில் வீடியோ நிலையம் வைத்திருப்பவர். சிஷ்யரைவிடப் பதின்மூன்று வயது இளையவர். அதனால் மரியாதை இரண்டு பக்கமும் ஓடியது. கோமதிநாயகம் அவரை 'மாஸ்டர்' என்பார். அவர் இவரை 'அண்ணாச்சி' என்பார். விளக்கைத் தூக்கிக்கொண்டு எட்டு மாதம் நடந்த பிறகு, போன வாரம் புளியங்குடிக் கல்யாணத்தில், மாஸ்டர் கேமராவைக் கையில் கொடுத்தார்.

"அண்ணாச்சி, நடுக் கேமரா உங்களுக்கு. நான் ஓரத்துல நிக்கேன்."

கெட்டிமேளம் முழங்கியது. கேமரா ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கோமதிநாயகத்துக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று பொத்தானை இன்னொரு முறை அழுத்தினார். கேமரா நின்றுபோனது.

அவர் தாலி கட்டுவதைப் பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாக, கண் நிறையப் பார்த்தார். எடுக்கத்தான் இல்லை.

முடிந்ததும், நிறுத்துகிறோம் என்று நினைத்து மறுபடியும் அழுத்தினார். அது ஓட ஆரம்பித்தது. பிறகு பதினாலு நிமிடம் ஜமுக்காளம், செருப்பு, சாம்பார் வாளி. இடையில், தாலி கட்டு விழவில்லை என்பது மட்டும் அவருக்குப் புரிந்த இடத்தில், மண்டபத்தின் பின்பக்கச் சுவரோரம் அவர் குரல்: "போச்சே… கோமதி, போச்சேல… உனக்கு எதுக்கு இந்த ஆசை? கம்பைத் தூக்குனோமா, கயித்தைக் கட்டுனோமான்னு இருந்திருக்கலாம்ல…" அப்புறம் மூக்கு உறிஞ்சும் சத்தம். அப்புறம் அழுகை. அத்தனையும் துல்லியமாகப் பதிவாகியிருந்தது.

ஓரத்தில் நின்ற மாஸ்டரின் கேமராவில் தாலி கட்டு இருந்தது. அதை வைத்துப் படம் ஒப்பேறிவிட்டது. பெண்ணின் அப்பா கடைக்கே வந்து, கோமதிநாயகத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தாலி கட்டு கண்ணுல ஒத்திக்கிடலாம் போல இருக்கு அண்ணாச்சி!"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

சிரிப்பு எங்கே என்றால், இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மைதீன் பாக்கி.

மைதீன் டிரோன் பறக்கவிடுபவன். முப்பது வயது. டிரோன் காற்றில் பறக்கும். அவன் வாய் அதற்கு மேலே பறக்கும். யார் குரலும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஐயர் தும்மினால் மந்திரத்தோடு சேர்த்துத் தும்மிக் காட்டுவான். பத்திரப்பதிவு அலுவலக மைக்கில் பெயர் கூப்பிடும் அம்மாவாகப் பேசி, டீக்கடையில் நான்கு பேரை எழுந்து நிற்க வைத்திருக்கிறான். சனிக்கிழமை அவன் தன் டிரோன் காட்சிகளை ஏற்ற வருவான். புளியங்குடிக் கல்யாணம் இருக்கும் அதே டிஸ்க்கில்தான் ஏற்றுவான். அந்தப் பதினாலு நிமிடம், நடுக் கேமராவின் பதினோராவது துண்டு, அவன் கண்ணில் பட்டால், ஞாயிற்றுக்கிழமைக்குள் சங்கரன்கோவில் முழுக்க "போச்சே… கோமதி, போச்சேல…" என்று கேட்கும்.

புதன்கிழமை காலையில் கோமதிநாயகம் மாஸ்டர் எதிரே வந்து நின்றார்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"படத்தை வெட்டி ஒட்டி முடிச்சாச்சு. வீட்டுக்காரங்களும் வாங்கிட்டுப் போயாச்சு. இனி கேமராவுல எடுத்த ஒரிஜினல் எதுக்கு?"

"எதுக்குன்னு நினைக்கீங்க?"

"பந்தலைப் பிரிச்சதும் குழியை மூடிட்டுத்தானே போறோம்? குழியை எவனாவது காப்பாத்துவானா?"

"மாட்டான்."

"டிஸ்க்குலயும் இடம் இல்லை. ஞாயித்துக்கிழமை வாசுதேவநல்லூர் கல்யாணம் வேற வருது."

"சரி. எதை எடுக்கலாங்கீங்க?"

"எல்லாத்தையும் எடுக்க வேண்டாம். நடுக் கேமராவுல பதினோராவது துண்டு இருக்குல்லா… அதை மட்டும் தூக்கினாப் போதும்."

"அது எவ்வளவு நேரம்?"

"பதினாலு நிமிஷம்."

"பதினாலு நிமிஷத்தைத் தூக்கினா ஒரு கல்யாணத்துக்கு இடம் வந்துருமா அண்ணாச்சி?"

கோமதிநாயகம் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதை அழிச்சுட்டு நான் நின்னுக்கிடுதேன் மாஸ்டர். எனக்கு நாற்காலிதான் சரி. நாற்காலியை எங்க போட்டாலும் அது நாற்காலிதான்."

ஆவுடையப்பன் அலமாரியைத் திறந்து ஒரு பழைய டிஸ்க்கை எடுத்து வந்து கணினியில் செருகினார்.

"இதைப் பாருங்க. இருபது வருஷத்துக்கு முன்னால சிவகிரியில எடுத்த கல்யாணம். டேப்புல இருந்தது, இதுல மாத்தி வச்சிருக்கு. இதுவும் இடத்தை அடைச்சுக்கிட்டுத்தான் கெடக்கு. வைக்கணுமா, அழிக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான். ஒரே ஒரு பேச்சு. இதுக்கு நீங்க என்ன தீர்ப்பு சொல்லுதீங்களோ, உங்க பதினோராவது துண்டுக்கும் அதே தீர்ப்பு. சம்மதமா?"

கோமதிநாயகத்துக்கு எட்டு நாளில் முதல்முறையாக முகம் தெளிந்தது. யாரோ ஊர் பேர் தெரியாதவர்களின் கல்யாணம். அழி என்று ஒரு வார்த்தை. ஆயிற்று.

"சம்மதம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

திரையில் முதலில் வந்தது ஒரு கால். பிறகு இன்னொரு கால். பிறகு ஒரு தண்ணீர்ப் பானை, அதுவும் தலைகீழாக. எடுப்பவன் கேமராவைக் கையில் தொங்கவிட்டு நடந்து கொண்டிருந்தான். இளம் குரல் ஒன்று ஏதோ பாட்டை ராகம் கெட்டுப் பாடியது.

"யாரு இவன்?" என்றார் கோமதிநாயகம்.

"யாரோ புதுப் பையன்."

திரை நிமிர்ந்தது. வாசலில் பட்டு வேட்டி கட்டிய ஒருவர் நின்றார். கரகரத்த குரலில் கேட்டார்: "தம்பி, மாப்பிள்ளை இறங்கப் போறாரு. மெசின் ஓடுதா?"

"இப்ப சிவப்புல நிப்பாட்டி வச்சிருக்கேன் மாமா. கார்க் கதவைத் திறந்ததும் பச்சைக்கு மாத்திருவேன்."

கார் வந்தது. கதவு திறந்தது. "எல்லாரும் இங்க பாருங்க! சிரிங்க!" என்றது இளம் குரல்.

திரை கறுத்துவிட்டது.

மறுபடி வெளிச்சம் வந்தபோது ஒரு காலிக் கார் நின்றது. மூன்று ஆடு போயிற்று.

கோமதிநாயகம் முன்னால் சாய்ந்தார். "மாஸ்டர்… மாப்பிள்ளை எங்க?"

"இறங்கிட்டாரு போல."

அடுத்தது மாலை மாற்றுவது. "ரெடியா? பச்சைக்கு மாத்துதேன்" என்றான். திரை கறுத்தது. வெளிச்சம் வந்தபோது மாலைகள் மாறியிருந்தன. மாப்பிள்ளை காதுக்குள் புகுந்த பூவை எடுத்துக் கொண்டிருந்தார். அடுத்தது பாத பூஜை. கறுப்பு. பிறகு ஈரத் தாம்பாளம், அதில் ஒரு ஈ. நாதஸ்வரக்காரர் வாசித்தது படத்தில் இல்லை, வாசித்து முடித்துச் சீவாளியைத் துடைத்து, "காப்பியில சீனி போட்டானா, இல்லை சீனியைக் காட்டிட்டுப் போயிட்டானா?" என்று தவில்காரரிடம் கேட்டது இருந்தது.

கோமதிநாயகத்துக்குப் பொறி தட்டியது. தொடையில் ஓங்கி அறைந்தார்.

"மாஸ்டர்! இந்தப் பய என்ன பண்ணியிருக்கான் தெரியுதா?"

"என்ன பண்ணியிருக்கான்?"

"நம்ம கேமராவுல ஓடும்போது எழுத்து சிவப்பா வரும். நின்னா பச்சையா வரும். இவன் சிவப்புன்னா நில்லு, பச்சைன்னா போன்னு நினைச்சுட்டான்! திருநெல்வேலிக்குப் போய் ரோட்டு சிக்னலைப் பாத்துட்டு வந்திருக்கான் மூதி!"

"அப்படியா சொல்லுதீங்க?"

"பின்னே? கல்யாணம் பூரா உல்டாவா ஓட்டியிருக்கான்! எடுக்க வேண்டியதை எல்லாம் விட்டுட்டு, விட வேண்டியதை எல்லாம் எடுத்திருக்கான். நான் ஒரு பொத்தானை ஒருதரம் தப்பா அமுக்கினேன். இந்த மகராசன் கல்யாணத்தையே தப்பா அமுக்கியிருக்கானே!"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். இதுவும் சிரிப்புதான். ஆனால் முதலில் சொன்னது இது இல்லை. அது இன்னும் பின்னால் வருகிறது.

"தாலி கட்டு?" என்றார் மூச்சு வாங்கி.

"பாருங்களேன்."

"ஐயரே, ஒரு நிமிசம்! பச்சைக்கு மாத்திக்கிடுதேன்!" என்றது குரல். கறுப்பு. பிறகு அட்சதை பொறுக்கும் கோழி.

"முழுக் கல்யாணத்துக்கும் ஒரு கோழி!" கோமதிநாயகம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "இதை வச்சு எப்படிப் படம் பண்ணினாங்க?"

"போட்டோவை அடுக்கி, பாட்டைப் போட்டு, பூ விழுற மாதிரி ஒப்பேத்தினோம்" என்றார் ஆவுடையப்பன். பிறகு அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

"அழிச்சுருங்க மாஸ்டர். தீர்ப்பு சொல்லிட்டேன். கோழியைத் தவிர ஒண்ணும் தேறாது."

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. முடியட்டும்."

அடுத்த துண்டு மண்டபத்தின் பின்பக்கம். அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மனிதர் தனியாக நின்றார். தோளில் புதுத் துண்டு. அதில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. பெண்ணின் தகப்பனார்.

அவர் சுவரைப் பார்த்துப் பேசினார். "மாப்பிள்ளை… பிள்ளை காலையில எந்திரிக்கக் கொஞ்சம் நேரமாகும். சத்தம் போட்டு எழுப்பாதீங்க." நிறுத்தினார். குரலைச் செருமி, கனமாக்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "மாப்பிள்ளை! பிள்ளை காலையில எந்திரிக்க…"

கேமரா தட்டுப்பட்டதும் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, ஓடுதா இது?"

"ஓடலை மாமா. சிவப்புதான் கெடக்கு. நீங்க சொல்லிப் பழகுங்க."

"இப்படிச் சொல்லலாமா? தப்பா எடுத்துக்கிட மாட்டாங்கள்லா?"

"எடுத்துக்கிட மாட்டாங்க மாமா. கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. அதட்டுற மாதிரி இருக்கு."

மூன்றாம் முறை அவர் மெதுவாகச் சொன்னார். 'எழுப்பாதீங்க' என்ற சொல் பாதியில் உடைந்துபோனது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. ஒண்ணும் சொல்லலை. சாப்பிட்டுட்டுப் போங்கன்னு மட்டும் சொல்லிக்கிடுதேன்."

இளம் குரல் சொன்னது: "எங்க அப்பாவும் அப்படித்தான் மாமா. அக்கா கார்ல ஏறும்போது, 'சோத்துப் பொட்டலம் எடுத்துக்கிட்டியா'ன்னுதான் கேட்டாரு. அவளுக்குப் புரிஞ்சுது."

அந்த மனிதர் தலையை ஆட்டினார். விலைச்சீட்டை ஒரு கை நீண்டு வந்து கிழித்துவிட்டது. கேமராவின் பின்னாலிருந்து வந்த கை.

கோமதிநாயகம் சிரிக்கவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"மாஸ்டர், இதை மட்டும் எடுத்து வச்சுருவோம். மிச்சத்தை அழிச்சுருங்க."

ஆவுடையப்பன் சுட்டியை அவர் பக்கம் தள்ளினார். "எங்கிருந்து வெட்டணும்? நீங்களே குறி போடுங்க."

கோமதிநாயகம் 'மாப்பிள்ளை' என்ற சொல்லில் குறி வைத்தார். ஓட்டிப் பார்த்தார். பையன் பேசுவதை எல்லாம் நீக்கிப் பார்த்தார். தகப்பனார் பைத்தியம் போலத் தனியாகப் பேசிக்கொண்டு நின்றார். பையனை உள்ளே விட்டார். 'ஓடலை மாமா' என்பதை மட்டும் எடுத்துப் பார்த்தார். அதை எடுத்தால் அந்த மனிதர் மூன்றாம் முறை சொல்லத் துணிந்தது ஏன் என்று தெரியவில்லை. 'சிவப்புதான் கெடக்கு' என்பதும் வேண்டியிருந்தது. அது புரிய வேண்டும் என்றால் வாசலில் நின்ற கரகரக் குரல்காரர் வேண்டும். அவர் வேண்டும் என்றால் காலிக் கார் வேண்டும்.

குறி பின்னால் நகர்ந்து, நகர்ந்து, தலைகீழான தண்ணீர்ப் பானையில் போய் நின்றது.

"இவ்வளவு இடம் அடைக்குதே" என்றார் தன்பாட்டுக்கு.

"அடைக்கத்தான் செய்யும்."

"இதை ஏன் மாஸ்டர் இருபது வருஷமா வச்சிருக்கீங்க?"

"நல்ல டேப்பு, அடுத்த கல்யாணத்துக்கு இதுமேலயே எடுத்துக்கிடலாம்னு அப்ப ஸ்டூடியோக்காரர் சொன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அவரே ஒருதரம் போட்டுப் பாத்தாரு. புது டேப்பு வாங்கினாரு."

கோமதிநாயகம் சுட்டியிலிருந்து கையை எடுத்தார். பதினோராவது துண்டை நினைத்துப் பார்த்தார். ஜமுக்காளம், செருப்பு, சாம்பார் வாளி, சுவரோரத்து அழுகை. மைதீனின் வாய்.

"இருக்கட்டும் மாஸ்டர்."

"தீர்ப்பா?"

"தீர்ப்புதான்."

"உங்களதும்?"

"அதுவும்தான்… கெடந்துட்டுப் போகுது." சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது. யார் மேலாவது அதை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. "ஆனா ஒண்ணு மாஸ்டர். படத்தை மன்னிச்சு வச்சுக்கிடலாம், எடுத்தவனை மன்னிக்க முடியாது. தாலி கட்டை விட்டுட்டுக் கோழியை எடுத்தான் பாருங்க, அந்த அறிவுகெட்ட முண்டம்! அவனைக் கூட்டிட்டு வந்து, அந்தக் கையைப் பிடிச்சு…"

திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பட்டுப் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் கேமராவுக்கு நேராக வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, முன்னால சிவப்பா ஒரு பொட்டு எரியுதே?"

"எங்கடி?"

"இந்தா, கண்ணாடிக்குப் பக்கத்துல. நீ ஓடுதுன்னு சொல்லும்போதெல்லாம் அணைஞ்சு போகுது. இப்ப எரியுது."

படம் ஆடியது. கூரை, தோரணம், தூண் என்று எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றின. கேமராவைத் திருப்பி, எடுத்தவனே அதன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தான். ஒல்லி முகம். தலை நிறையச் சுருட்டை முடி. பூனை மயிர் மீசை. படம் பதிவாகும்போது மட்டும் எரியும் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தான். காலை முதல் நடந்தது அத்தனையும் ஒவ்வொன்றாக அந்தக் கண்ணுக்குள் வந்து நிற்பது தெரிந்தது. கார்க் கதவு. மாலை. தாலி.

"எரியுதே…" என்றான். "அப்ப… இவ்வளவு நேரம்…"

அழுகை வராமல் இருக்கக் கீழுதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டான்.

"…அந்தக் கையைப் பிடிச்சு, விரலை ஒவ்வொண்ணா…" என்று சொல்லிக்கொண்டே கோமதிநாயகம் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

பக்கத்து நாற்காலியிலும் ஒரு கீழுதடு கடிபட்டுக் கொண்டிருந்தது. அதே மாதிரி, இடது ஓரமாக. சுருட்டை முடி போன இடத்தில் வழுக்கை பளபளத்தது. சிரிப்பை அடக்கி அடக்கித் தோள் இரண்டும் குலுங்கின.

கோமதிநாயகம் திரையைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். நீட்டிய விரல் அந்தரத்தில் நின்றது.

"மாஸ்டர்…"

"சொல்லுங்க அண்ணாச்சி. விரலை ஒவ்வொண்ணா என்னவோ பண்ணணும்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. பாதியில நிப்பாட்டாதீங்க."